காரணம் கேட்காத முன்பணம்: ஊழியர்களின் பணக்கவலையைக் குறைக்கும் வேலையில் கற்றவை

முதன்முதலில் நான் ஏற்பாடு செய்தது சேமிப்பைப் பற்றிய ஒரு வகுப்பு. ஓர் உற்பத்தி நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் அப்போது பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்திருந்தேன். மாதத்தின் மூன்றாவது வாரம் பிறந்தாலே முன்பணம் கேட்டு என் அறை வாசலில் ஊழியர்கள் காத்து நிற்பதைப் பார்த்துப் பார்த்து, வரவுசெலவுக் கணக்கு எழுதப் பழக்கிவிட்டால் இந்தக் கூட்டம் குறைந்துவிடும் என்று மனதார நம்பினேன். ஷிஃப்ட் முடிந்ததும் உணவுக்கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு நோட்டும் பேனாவும் கொடுத்து, இரண்டு மணி நேரம் பேசினோம். கடைசியில், பேக்கிங் பிரிவில் வேலை செய்த ஒரு பெண்மணி எழுந்து நின்று, “மேடம், நோட்டுல எழுதிடறேன். ஆனா இந்த மாசச் சம்பளம் எந்தத் தேதியில வரும்னு சொல்லுங்க, அதை வச்சுத்தானே மத்ததை எழுத முடியும்?” என்று கேட்டார். எங்கள் நிறுவனத்தில், வாடிக்கையாளர்களிடமிருந்து பணம் வந்து சேர்வதைப் பொறுத்து, முதல் தேதிக்கும் பத்தாம் தேதிக்கும் இடையில் ஏதோ ஒரு நாளில்தான் சம்பளம் போடப்பட்டது. சம்பளப் பட்டியலைத் தயாரிப்பவளே நான்தான். ஆனாலும் அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு தேதி இல்லை.

மறுநாள் முன்பணப் பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஓராண்டுப் பதிவுகளைத் தேதிவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மருந்து, தவணை என்று காரணங்கள் திரும்பத் திரும்ப வந்தன. பெயர்களும் திரும்பத் திரும்ப வந்தன. சம்பளம் எட்டாம் தேதிக்கு மேல் தள்ளிப்போன மாதங்களை அடையாளமிட்டபோது, அதற்கு அடுத்த மாதத்தில்தான் முன்பணம் கேட்டவர்கள் மிகுதியாக இருந்தார்கள் என்பது தெரிந்தது. இரண்டு மூன்று பேரிடம் விசாரித்ததில் காரணம் விளங்கியது. ஐந்தாம் தேதி வாடகை கொடுத்தாக வேண்டும் என்பதால் வெளியில் வட்டிக்கு வாங்குகிறார்கள். சம்பளம் வந்ததும் அசலும் வட்டியுமாக அதை அடைக்கிறார்கள். மிச்சம் இருப்பது இருபதாம் தேதி வரைதான் தாக்குப்பிடிக்கிறது. பிறகு என்னிடம் வருகிறார்கள். நான் கொடுக்கும் முன்பணத்தை மறுமாதம் ஒரே தவணையில் பிடித்துக்கொள்வதால், அந்த மாதமும் முழுச் சம்பளம் கைக்கு வருவதில்லை. இப்படி ஒருவர் ஆண்டு முழுவதும் சுற்றிச் சுற்றி வரும் வட்டத்தில் இரண்டு கண்ணிகள் எங்கள் அலுவலகத்தில் செய்யப்பட்டவை. அதுவரை அதை ஊழியர்களின் செலவுப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்ததற்காக இன்றும் வருந்துகிறேன்.

உரிமையாளரிடம் அந்தக் கணக்கைக் கொண்டுபோய் வைத்தேன். தேதி தவறும் சம்பளம் என்பது நிறுவனம் தன் ஊழியர்களிடமிருந்து அவர்களைக் கேட்காமலே வாங்கும் வட்டியில்லாக் கடன் என்றும், அதற்கான வட்டியை அவர்கள் வெளியில் கட்டுகிறார்கள் என்றும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன்; மாறாக, நீண்ட நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதச் சம்பளத்துக்கு ஈடான தொகையைத் தனிக் கணக்கில் சிறிது சிறிதாகச் சேர்த்து, வாடிக்கையாளரின் பணம் வந்தாலும் வராவிட்டாலும் மாதக் கடைசி நாளில் சம்பளம் போடுவது என்று முடிவாயிற்று. அந்த இருப்பைச் சேர்க்க எங்களுக்கு எட்டு மாதங்கள் பிடித்தன. நான் இதுவரை பார்த்த நலத்திட்டங்களில் செலவு மிகக் குறைவாகவும் பலன் மிக அதிகமாகவும் இருந்தது இதுதான். இதில் புதிதாக எதுவும் இல்லை. சம்பளம் ஒழுங்கான கால இடைவெளியில் கொடுக்கப்பட வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கை 1949-லேயே சொல்லிவிட்டது.

பிறகு வேறு நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் பணிக்கு வந்தபோது, பெரும்பாலான முதலாளிகள் முதலில் கேட்ட கேள்வி, “சம்பளம் கொடுப்பதோடு என் பொறுப்பு முடிந்தது, அவர்கள் வீட்டுக் கடன் எனக்கு எதற்கு?” என்பதாகவே இருந்தது. அவர்களுக்கு இரண்டு ஆய்வுகளை எடுத்துச் சொல்வேன். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 2013-ல் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாட்டின் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை, அறுவடைக்கு முன் கையில் பணமில்லாத நாட்களிலும், அறுவடைப் பணம் வந்த பின்னரும் ஒரே மாதிரியான சிந்தனைத்திறன் சோதனைகளுக்கு உட்படுத்தியது; அதே மனிதர்களின் திறன் பண நெருக்கடியின்போது குறைவாகவே வெளிப்பட்டது. பணக்கவலை மனத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்வதால் மற்றவற்றுக்கு இடம் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இன்னொன்று, ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் தொழிலாளர்களிடம் சுப்ரீத் கவுர், முல்லைநாதன், சூவானா ஓ, ஃபிராங்க் ஷில்பாக் ஆகியோர் செய்தது. கூலியைக் கூட்டவில்லை, சிலருக்கு அதன் ஒரு பகுதியைச் சில நாட்கள் முன்னதாகக் கொடுத்தார்கள். பணம் கைக்கு வந்த பின் அவர்களின் உற்பத்தி சராசரியாக ஏறத்தாழ 7 சதவீதம் உயர்ந்தது, கவனப் பிசகால் வரும் தவறுகள் குறைந்தன. கணக்குப் பார்ப்பவர்கள் இந்த இரண்டாவது ஆய்வைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரு நிறுவனத்தில் கண்டதை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே முன்பணம் வேண்டுமென்றால் முதலில் மேற்பார்வையாளரிடம் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. மனைவியின் கருச்சிதைவு, மகனின் காவல் நிலையப் பிரச்சினை, தந்தையின் குடிப்பழக்கச் சிகிச்சை என்று மனிதர்கள் தங்கள் உறவினரிடம்கூடச் சொல்லத் தயங்குபவற்றை அந்தச் சிறிய கட்டத்துக்குள் எழுதியிருந்தார்கள். விண்ணப்பங்களின் எண்ணிக்கை குறைவாக இருந்ததால், தங்கள் ஊழியர்களுக்குப் பணத் தட்டுப்பாடு இல்லை என்று நிர்வாகம் நம்பியது. ஒரு மதிய இடைவேளையில், துப்புரவுப் பணியாளர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துப் போய், சம்பள நாளன்று மாலையில் வாசலுக்கு வெளியே நின்று பாருங்கள் என்று மட்டும் சொன்னார். நின்று பார்த்தேன். மேற்பார்வையாளர் ஒருவரின் கையில் ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு இருந்தது. அத்தனையும் ஊழியர்களின் ஏடிஎம் அட்டைகள். ஒவ்வொரு அட்டையின் பின்புறமும் ஒரு துண்டுக் காகிதத்தில் ரகசிய எண் ஒட்டப்பட்டிருந்தது. அவரே ஏடிஎம் அறைக்குள் போய்ப் பணத்தை எடுத்து, வட்டியைக் கழித்துக்கொண்டு, மீதியை ஒவ்வொருவர் கையிலும் எண்ணிக் கொடுத்தார். நிறுவனத்திடம் முன்பணம் கேட்கும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே. விண்ணப்பங்கள் ஏன் குறைவு என்பது அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

அதைச் சரிசெய்ய ஓராண்டுக்கு மேல் ஆனது. ஒரே நாளில் அவரை வேலையை விட்டு நீக்கியிருந்தால், கடன் வாங்கியவர்கள் அவசரத்துக்கு இன்னும் மோசமான ஒருவரைத் தேடிப் போயிருப்பார்கள் என்பதால், மாற்று ஏற்பாட்டை முதலில் செய்யச் சொன்னேன். ஊழியர்களே உறுப்பினர்களாக இருந்து நடத்தும் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றைத் தொடங்க நிறுவனம் ஆரம்ப நிதி தந்தது. பழைய கடன்கள் குறைந்த வட்டியில் அதற்கு மாற்றப்பட்டன. அட்டைகள் உரியவர்களிடம் திரும்பின. அதன் பிறகே அந்த மேற்பார்வையாளர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. மேலதிகாரி தனக்குக் கீழ் வேலை செய்பவருக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்ற ஒற்றை விதி எழுத்தில் வந்தது. முன்பண விண்ணப்பத்திலிருந்து ‘காரணம்’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டோம். கணக்குப் பிரிவில் ஒருவர் எல்லோருக்காகவும் பெருக்கல் கணக்கு மட்டும் போடுவார்: இதுவரை வேலை செய்த நாட்களுக்கான சம்பளத்தில் பாதி வரை தரலாம், திரும்பப் பிடிப்பது மூன்று தவணைகளில், எந்த மாதத்திலும் எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. யார் கேட்டாலும் ஒரே பதில் என்பதால் கெஞ்சவும் வேண்டியதில்லை, சலுகை காட்டவும் இடமில்லை. விண்ணப்பங்கள் முதல் மூன்று மாதங்கள் மளமளவென்று கூடின. நிர்வாகம் பதறியது. மறைந்து கிடந்தது வெளியே வருகிறது, பொறுத்திருங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

உழைத்துவிட்ட நாட்களின் சம்பளத்தைச் செயலி வழியாக அன்றன்றே எடுத்துக்கொள்ளும் வசதி இப்போது பரவிவருகிறது. ஓரிடத்தில் அதைப் பரிந்துரைத்து நான் தவறு செய்திருக்கிறேன். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ஊழியரிடம் ஒரு சிறு கட்டணம் வாங்கப்பட்டது. எடுக்கும் தொகைக்கு வரம்பு ஏதும் வைக்கவில்லை. தொகை சிறிது, காலம் சில நாட்கள் என்பதால் அந்தச் சிறு கட்டணத்தை ஆண்டு வட்டியாக மாற்றிப் பார்த்தால் வெளியில் வாங்கும் கடனுக்குச் சளைக்காததாக இருந்தது. சில மாதங்களில், சம்பள நாளன்று கணக்கில் விழ எதுவுமே இல்லாத ஊழியர்கள் உருவாகிவிட்டார்கள். வாடகை மட்டும் பழையபடி மொத்தமாகக் கேட்கப்பட்டது. கட்டணத்தை நிறுவனமே ஏற்க வேண்டும், பாதிக்கு மேல் எடுக்க முடியாதபடி பூட்டு இருக்க வேண்டும், மாதத்துக்கு இத்தனை முறை என்ற எல்லை வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளும் இல்லாமல் இந்த வசதியை இப்போது நான் ஏற்பதில்லை.

சம்பளச் சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்த சீட்டைப் பிரித்துக் காட்டி, “இந்த ரெண்டெழுத்துக்கு நேரா ஒவ்வொரு மாசமும் பிடிக்கறீங்களே, அது என்ன?” என்று ஓர் ஓட்டுநர் கேட்டார். எனக்கே தெரியவில்லை. விசாரித்ததில், எப்போதோ கைவிடப்பட்ட ஒரு காப்பீட்டுத் திட்டத்தின் பிடித்தம் என்றும், மென்பொருளில் நீக்க மறந்திருக்கிறார்கள் என்றும் தெரியவந்தது. எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து எந்த நிறுவனத்துக்குப் போனாலும், அவர்களின் சம்பளச் சீட்டை வாங்கி, அங்கே வேலை செய்யும் மூன்று பேரிடம் கொடுத்து வரிவரியாக விளக்கச் சொல்வேன். அவர்களால் விளக்க முடியாத வரி ஒவ்வொன்றையும், அவர்கள் பேசும் மொழியில், சுருக்கெழுத்து இல்லாமல், எத்தனை மணி நேரம், எவ்வளவு ஓவர்டைம், எதற்காக எவ்வளவு பிடித்தம், கைக்கு வருவது எவ்வளவு என்று மாற்றி எழுதச் சொல்வேன். தன் வருமானத்தின் கணக்கே விளங்காத ஒருவரிடம் செலவுக்குக் கணக்கு எழுதச் சொல்வது நியாயமில்லை.

சேமிப்புக்கு வருகிறேன். ரிச்சர்ட் தாலர், ஷ்லோமோ பெனார்ட்சி ஆகிய இருவரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், இன்றே சேமியுங்கள் என்று கேட்காமல், அடுத்த சம்பள உயர்விலிருந்து ஒரு பங்கை ஓய்வூதியச் சேமிப்புக்கு ஒதுக்க இப்போதே சம்மதம் தருவீர்களா என்று ஊழியர்களிடம் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்களில் 78 சதவீதம் பேர் சேர்ந்தார்கள். 40 மாதங்களில் அவர்களின் சேமிப்பு, சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது. கையில் வந்த பணத்தைக் குறைப்பது வலிக்கிறது, இன்னும் வராத உயர்வில் பங்கு ஒதுக்குவது வலிப்பதில்லை. இதே முறையை முதுமைக் காலத்துக்குப் பதிலாகத் திடீர்ச் செலவுக்கான கணக்குக்குப் பயன்படுத்தினேன். ஏனென்றால் குறைந்த சம்பளக்காரர்களைத் திரும்பக் கடனுக்குள் தள்ளுவது பெரும்பாலும் ஒரு காய்ச்சலோ பழுதான வண்டியோதான். சம்பள நாளன்றே ஒரு சிறு தொகை ஊழியரின் பெயரிலுள்ள இன்னொரு கணக்குக்குப் போய்விடும். எடுக்க யாரிடமும் அனுமதி வேண்டாம். சில முதலாளிகள், எளிதில் எடுக்க முடிந்தால் எடுத்துவிடுவார்களே என்று ஆட்சேபிக்கிறார்கள். எடுப்பதற்காகத்தானே சேர்ப்பது! ஒரு முறை அந்தப் பணம் உரிய நேரத்தில் உதவிவிட்டால், அடுத்த முறை அவர்களே தொகையைக் கூட்டச் சொல்கிறார்கள். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. நான் மேலே குறிப்பிட்ட 1949 உடன்படிக்கை, தன் கூலியை விருப்பப்படி செலவிடும் தொழிலாளியின் சுதந்திரத்தில் முதலாளி தலையிடக் கூடாது என்கிறது. ஆகவே எழுத்தில் சம்மதமும், ஒரு வரி எழுதிக் கொடுத்தால் விலகும் வழியும் கட்டாயம் வேண்டும். மற்றொன்று, கடும் வட்டிக் கடனில் இருப்பவரைச் சேமிப்பில் சேர்ப்பது அவருக்கு நட்டம். அவருக்கு முதலில் கடனை அடைக்கும் வழி செய்ய வேண்டும்.

வகுப்புகளை நான் முற்றிலும் கைவிடவில்லை, ஆனால் நேரத்தை மாற்றிவிட்டேன். பணம் பற்றிய கல்வித் திட்டங்கள் குறித்த பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்டமேயர் ஆகியோர், மக்களின் பணம் சார்ந்த நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் 0.1 சதவீதத்தை மட்டுமே அந்தக் கல்வி விளக்குகிறது என்று 2014-ல் எழுதினார்கள். கற்றது காலப்போக்கில் மறந்துபோகிறது என்பதும், முடிவு எடுக்கும் தருணத்தை ஒட்டிச் சொல்வதே நல்லது என்பதும் அவர்களின் கருத்து. ஆகவே இப்போது, சம்பள உயர்வுக் கடிதம் கொடுக்கும் நாளிலும், பேறுகால விடுப்புக்கு விண்ணப்பிக்கும்போதும், வேலையை விட்டுப் போகிறவர் வருங்கால வைப்பு நிதியை எடுக்கவா வேண்டாமா என்று யோசிக்கும்போதும், அரைமணி நேரம் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்கிறோம்.

அப்படிப் பேசுபவர் நிறுவனத்தின் ஆளாக இருக்கக் கூடாது. ஒரு மேலாளர் என்னிடம், முன்பணம் அடிக்கடி வாங்குகிறவர்களின் பட்டியலைக் கேட்டார். பணம் புழங்கும் பொறுப்புகளுக்கு அவர்களைத் தவிர்ப்பதற்காம். கொடுக்க மறுத்தேன், அந்த ஒப்பந்தம் எனக்கு அத்தோடு முடிந்தது. அந்தப் பட்டியல் ஒரே ஒரு முறை கசிந்திருந்தாலும், அதன் பிறகு அங்கே ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். யாருடைய பெயரும் இல்லாத மொத்த எண்ணிக்கையே நிர்வாகத்துக்குப் போதும்: மாதத்தில் எத்தனை முன்பணங்கள், எத்தனை பேர் மூன்று மாதம் தொடர்ந்து வாங்கினார்கள், திடீர்ச் செலவொன்றைக் கடனில்லாமல் சமாளிக்க முடியும் என்று எத்தனை பேர் சொல்கிறார்கள். வகுப்புக்கு வந்தவர்களின் தலையை எண்ணி அறிக்கை எழுதுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

சில இடங்களில் இவை எதுவும் உதவாது. சம்பளமே குடும்பம் நடத்தப் போதாது என்றால் அதைச் சொல்லிவிடுகிறேன். வாழ்வதற்குப் போதுமான ஊதியம் என்றால் என்ன, அதை எப்படிக் கணக்கிடுவது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024-ல் ஏற்றுக்கொண்ட கருத்தொற்றுமையை எடுத்துக்காட்டி, முதலில் அந்தக் கணக்கைப் போடச் சொல்கிறேன். அடுத்த வாரம் எத்தனை ஷிஃப்ட் என்று வெள்ளிக்கிழமை இரவுதான் தெரியும் என்ற நிலையில் உள்ளவர்களுக்கும் சேமிப்புத் திட்டம் பயன்படாது. இரண்டு வாரங்களுக்கு முன்பே பட்டியலை ஒட்டுவதுதான் அவர்களுக்கான நலத்திட்டம். ஒப்பந்தக்காரர் மூலம் வரும் காவலர்களும் துப்புரவுப் பணியாளர்களும் “நம் ஆட்கள் அல்லர்” என்று சொல்லப்படுவதை ஒவ்வோர் இடத்திலும் கேட்கிறேன். அதே வாசல் வழியாகத்தான் அவர்களும் வருகிறார்கள். ஒப்பந்தக்காரரின் பில்லைத் தாமதமின்றித் தீர்த்துவிட்டு, சம்பளம் போட்ட அத்தாட்சியை மாதந்தோறும் கேட்டு வாங்கினாலே அவர்களின் நிலை பெருமளவு சீராகும்.

புதிதாகச் சேர்பவர்களை நான் மிகத் தாமதமாகத்தான் கவனித்தேன். ஒரு கிடங்கில், வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது வாரத்தில் ஓர் இளைஞர் நான்கு நாட்கள் வரவில்லை. பொறுப்பில்லாதவர் என்று எழுதி நீக்கக் கோப்பு தயாராக இருந்தது. அழைத்துக் கேட்டபோது தலையைக் குனிந்தபடி, பேருந்துக்குக் காசில்லை என்றார். இருபதாம் தேதியோடு வருகைக் கணக்கை மூடும் வழக்கம் அங்கே இருந்ததால், இருபத்திரண்டாம் தேதி சேர்ந்த அவருக்கு முதல் மாதக் கடைசியில் எதுவும் வரவில்லை. அடுத்த மாதக் கடைசிவரை, ஏறத்தாழ நாற்பது நாட்கள், ஒரு காசுகூடப் பெறாமல் அவர் உழைக்க வேண்டியிருந்தது. அந்தக் கோப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். இப்போது அங்கே புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் ஆறு வாரங்கள் வாரச் சம்பளம்; அந்தப் பட்டியல் தனியாக வெள்ளிக்கிழமை காலையில் போடப்படுகிறது, பகல் ஷிஃப்ட் முடிவதற்குள் பணம் கணக்கில் விழுந்துவிடுகிறது.